மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது?

காவிரித் தடுப்பணையிலிருந்து இராஜ வாய்க்கால் பிரியும் ஜேடர்பாளையம் பகுதியில் கரும்பு, வாழை, வெற்றிலை முதலியவை முக்கியப் பயிர்கள். வாய்க்காலில் தண்ணீர் குறையும் நாட்களில் கிணற்று மோட்டார்தான் பயிரைக் காக்கிறது. தமிழ்நாட்டில் பம்பு செட்டுகளுக்கான மின் கட்டணம் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் மற்ற விவசாயிகளுக்கும் நீக்கப்பட்டது. ஆனால் மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டும் செலவு இலவசமல்ல. மோட்டார் திரும்பி வரும்வரை பயிரும் வாடும். இந்த நட்டத்தைத் தவிர்க்க, மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைக் கணக்கிடத் தெரிந்திருப்பது அவசியம்.

விளக்கும் இஸ்திரிப் பெட்டியும்

சூடேறும் கருவிகளுக்குக் கணக்கு எளிது. வாட் அளவை வோல்ட் அளவால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் எடுக்கும். ஒரு மணி நேரம் தொடர்ந்து சூடேறினால் 1 யூனிட் செலவாகும்.

மோட்டாருக்கு இக்கணக்கு பொருந்தாது

ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட். இதை 230ஆல் வகுத்து, வீட்டுக் கிணற்றிலுள்ள 1 குதிரைத் திறன் மோட்டாருக்கு 3.2 ஆம்பியர் போதும் என்று எண்ணுவது தவறு. இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, 746 வாட் என்பது மோட்டாரின் தண்டு தரும் வேலை. சிறிய மோட்டாரின் செயல்திறன் 65 சதம் என்று கொண்டால், அது 1,148 வாட் வாங்க வேண்டும்.

இரண்டாவது, திறன் காரணி. வாய்க்காலில் வரும் தண்ணீரில் ஒரு பகுதி வயலுக்குப் பாயாமல் மீண்டும் வாய்க்காலுக்கே திரும்புவதாக வைத்துக்கொள்வோம். அது வீணாவதில்லை. ஆயினும் அதையும் சேர்த்துச் சுமக்க வாய்க்கால் அகலமாக இருக்க வேண்டும். மோட்டாரின் காந்தப் புலத்திற்காக வந்து திரும்பும் மின்னோட்டமும் இத்தகையதே. திறன் காரணி 0.75 எனில், 1,148 வாட்டை 230 × 0.75ஆல் வகுக்க, சுமார் 6.7 ஆம்பியர் வருகிறது. முதலில் எண்ணியதைப் போல் இரு மடங்கு! கிளம்பும்போது சில விநாடிகள் இதைப் போல் ஐந்தாறு மடங்கும் இழுக்கும். ஆகவே இதற்கு 6 ஆம்பியர் சிறு பிளக் ஆகாது. 16 ஆம்பியர் பிளக்கும், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் வேண்டும்.

மும்முனை மோட்டார்

இங்கு வோல்ட்டை 1.732ஆலும் பெருக்க வேண்டும். 5 குதிரைத் திறன் மோட்டார் 80 சதச் செயல்திறனில் சுமார் 4,660 வாட் வாங்கும். 415 வோல்ட், திறன் காரணி 0.8 எனில்:

4,660 ÷ (1.732 × 415 × 0.8) = 8.1 ஆம்பியர்.

மின்னழுத்தம் 340 வோல்ட்டாகக் குறைந்தால் விளக்கு மங்கும். மோட்டாரோ அதே வேலையைச் செய்ய சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். காயிலில் உண்டாகும் சூடு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். குறைந்த மின்னழுத்தத்தில் மோட்டார் எரிவதன் காரணம் இதுவே.

கப்பாசிட்டரின் பயன்

இந்த 5 குதிரைத் திறன் மோட்டாருக்கு 2 கிலோவார் கப்பாசிட்டர் பொருத்தினால் திறன் காரணி 0.95 ஆக உயரும். மின் கம்பியில் வரும் மின்னோட்டம் 8.1லிருந்து 6.8 ஆம்பியராகக் குறையும். கம்பியில் வீணாகும் மின்சாரம் சுமார் 30 சதம் குறைவதால், கடைக்கோடித் தோட்டத்திலும் மின்னழுத்தம் ஓரளவு சீராகும்.

கவனிக்க வேண்டியவை

* மோட்டாரின் பெயர்த் தகட்டில் ஆம்பியர் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். ஸ்டார்ட்டரின் ஓவர்லோடு ரிலேயை அந்த அளவுக்கு மேல் வைக்கக் கூடாது.
* பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியைக் கட்டக் கூடாது. காரணத்தைக் கண்டறிய வேண்டும்.
* மின் பணியாளரைக் கொண்டு மூன்று கம்பிகளிலும் ஆம்பியரை அளந்து குறித்து வைக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கூடுதலாக இருந்தால் உடனே பழுது பார்க்க வேண்டும்.
* மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். உடனே தொடக் கூடாது.