தூண்டில் மோசடியும் பொதுப் பேரேடும்

மணவூரில் எங்கள் தெருவில் வாழும் முதியவர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு கைபேசியில் ஒரு செய்தி வந்தது. மின்கட்டணம் செலுத்தப்படவில்லை, இன்றிரவே மின்சாரம் துண்டிக்கப்படும் என்றிருந்தது. பதறிய அவர், அதிற்கண்ட எண்ணை அழைத்து, கேட்டவற்றையெல்லாம் சொல்லிவிட்டார். ஓய்வூதியச் சேமிப்பு பறிபோயிற்று.

மாணவ நண்பர்களே, இதனை ஆங்கிலத்தில் 'பிஷிங்' என்பர். மீன்பிடித்தலைக் குறிக்கும் சொல்லின் திரிபே அது. நாம் நம்பும் ஒரு நிறுவனத்தின் பெயரே இங்குத் தூண்டிலிரை. ஆதலால் ஒரு வங்கி தன் பெட்டகத்தை எத்துணைப் பூட்டுக்களால் காத்தாலும் பயனில்லை. பொய்ச் செய்தி ஏதோவொரு தொலைபேசி நிறுவனத்தின் வழியே வருகிறது. களவுபோன பணமோ வேறொரு வங்கியின் கணக்கில் இறங்குகிறது. கள்ள நோட்டு கடைத்தெருவில் நுழைந்தால், எதிர்க்கடைக்காரருக்கும் சொல்லியனுப்பும் வணிகர் நம் ஊர்களில் உண்டு. அவ்வறிவே இங்கும் வேண்டும்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-ஆம் ஆண்டு வகுத்த விதிகள் அதற்கு வழிகோலின. ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். ஆகியவை வாடிக்கையாளருக்காகப் போட்டியிடுபவை. எனினும் இதில் அவை ஒரு பகிர்வுப் பேரேட்டுக்கு உடன்பட வேண்டியதாயிற்று. குறுஞ்செய்தி அனுப்பும் வங்கியோ கடையோ தன் பெயர்க்குறியையும் செய்தியின் வாசக அமைப்பையும் அதிற் பதியவேண்டும். ஓரிடத்திற் பதிந்தது எல்லா நிறுவனங்களுக்கும் தெரியும். பதிவோடு பொருந்தாத செய்தி வழியிலேயே நின்றுவிடும்.

தொடக்கம் இடறிற்று. 2021 மார்ச் 8 அன்று சோதனை தொடங்கியதும், பதிவை முடிக்காத நிறுவனங்களின் உண்மைச் செய்திகளும், ஒருமுறைக் கடவு எண்களும் தடைப்பட்டன. ஒரு வாரம் அது நிறுத்திவைக்கப்பட்டது. வாசற்காவலன் வீட்டாரையே உள்ளே விடாத கதைதான்! ஆயினும் முறை நிலைபெற்றது. 2024 அக்டோபர் முதல் பதிவுபெறாத இணைய இணைப்புள்ள செய்திகளும் தடுக்கப்படலாயின. வங்கிகளின் இணைய முகவரிகள் 'பேங்க் டாட் இன்' என முடியவேண்டுமென ரிசர்வ் வங்கி 2025-இல் பணித்தது. அம்முகவரியைப் பதிந்தளிக்கும் பொறுப்பு ஐதராபாத்திலுள்ள வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உரியது; கண்டவர் பெறுதல் இயலாது.

ஆனால் இப்பேரேடு தனிமனிதர் எண்ணிலிருந்து வரும் செய்தியைத் தடுப்பதில்லை. முதியவருக்கு வந்ததும் அவ்வாறு சாதாரணப் பத்திலக்க எண்ணிலிருந்தே. இங்கே பயன்படுவது 1930 என்னும் உதவி எண். புகார் பதிவானவுடன், பணம் சென்ற வங்கிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தி போகிறது. எஞ்சியிருப்பதை அவை முடக்குகின்றன. கள்வர் பணத்தைக் கணக்குவிட்டுக் கணக்கு மாற்றுவர். எனவே இது நிமிடங்களின் பந்தயம்.

முதியவர் வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல் இரவைக் கழித்து, மறுநாட் காலையில்தான் அவ்வெண்ணை அழைத்தார். பணம் அதற்குள் மூன்று கணக்குகளைக் கடந்திருந்தது. கடைசிக் கணக்கில் எஞ்சிய சிறுபகுதியையே நிறுத்த முடிந்தது.