உங்கள் வீட்டுச் சுண்டெலிக்கு எந்த ஊர்?

ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து லைட்டைப் போட்டால், கேஸ் அடுப்புக்குப் பின்னால் சரக்கென்று ஏதோ ஓடி ஒளியும். பெங்களூருவோ மும்பையோ, வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குப் பழகிய காட்சிதான். அதைத் திட்டும் முன் ஒரு விஷயம்: இந்தத் துணைக்கண்டத்தில் அது வந்தேறி இல்லை, மண்ணின் மைந்தன்.

இந்தியாவின் வடக்கு, வடமேற்குப் பகுதியிலிருந்து ஈரான் வரை நீளும் நிலப்பரப்புதான் வீட்டுச் சுண்டெலிகளின் பூர்வீகம் என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. சுமார் 3.5 லட்சம் முதல் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அவை மூன்று கிளைகளாகப் பிரிந்தன. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் இருப்பது கேஸ்டேனியஸ். நம்ம ஊர்க்காரர் இவர்தான். கிழக்கு ஐரோப்பா, வட ஆசியா பக்கம் மஸ்குலஸ். மேற்காசியா வழியாக மேற்கு ஐரோப்பாவுக்கும், பிறகு கப்பலேறி அமெரிக்கா, ஆஸ்திரேலியாவுக்கும் போனது டொமஸ்டிகஸ். மேற்காசியாவில் சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த எலி மனிதர்களின் குடியிருப்புக்குள் வந்துவிட்டது. அப்போது விவசாயமே தொடங்கவில்லை!

சரி, பிரிந்த சொந்தங்கள் மறுபடி சந்தித்தால் என்ன ஆகும்?

அது இடத்துக்கு இடம் மாறும். ஜப்பானில் மஸ்குலஸும் கேஸ்டேனியஸும் கலந்து, தனி ஊர் ரகமே உருவாகிவிட்டது. ஐரோப்பாவில் கதை வேறு. டென்மார்க்கில் தொடங்கி ஜெர்மனி, செக் குடியரசு வழியாக பல்கேரியா வரை ஒரு குறுகிய பட்டை. அதன் மேற்கே டொமஸ்டிகஸ், கிழக்கே மஸ்குலஸ். பட்டைக்குள் இரண்டும் இணைகின்றன, குட்டியும் போடுகின்றன. ஆனால் ஆண் குட்டிகள் பலவற்றுக்கு இனப்பெருக்கத் திறன் குறைவு, சிலவற்றுக்கு அறவே இல்லை. இதற்குக் காரணமான மரபணுக்களில் ஒன்றான பிஆர்டிஎம்9-ஐ பிராகில் இருக்கும் ஆய்வாளர்கள் 2009-ல் கண்டுபிடித்தார்கள். விந்தணு உருவாகும்போது அப்பா, அம்மா குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து துண்டுகளை மாற்றிக்கொள்ளும். எங்கே வெட்டுவது என்று குறி போடுவது இந்த மரபணுதான். இரண்டு கிளைகளின் குறிகளும் ஒத்துப்போகாவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும்.

இதெல்லாம் எலிகளின் குடும்பப் பிரச்சினை, நமக்கென்ன என்கிறீர்களா? எலி மருந்துக்கு வருவோம்.

வார்ஃபரின் தெரியும்தானே? இதய நோயாளிகளுக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் அதே மாத்திரை. 1950-களிலிருந்து உலகம் முழுக்க எலிகளுக்கு வைத்ததும் அதுதான். வைட்டமின் கே-யை உடல் மறுபடி பயன்படுத்த முடியாமல் தடுத்து, உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிய வைக்கும். ஆனால் ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் சில சுண்டெலிகள் இதற்கு அசரவில்லை. 2011-ல் வெளியான ஆய்வில் காரணம் தெரிந்தது. பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துபோன அல்ஜீரியச் சுண்டெலி என்ற வேறொரு இனத்திடமிருந்து, விஷத்தைத் தாங்கும் மரபணு இவற்றுக்கு வந்திருந்தது. அந்தக் கலப்பில் பிறக்கும் ஆண்கள் மலடு. பெண்கள் அப்படியில்லை. அந்தச் சின்ன இடைவெளி போதுமானதாக இருந்தது. மிச்சத்தை நாம் வைத்த விஷமே பார்த்துக்கொண்டது. தாங்காதவை செத்தன, தாங்கியவை பெருகின.

ஆய்வகத்து வெள்ளெலியும், மரபணு வரிசை முதலில் படிக்கப்பட்ட கறுப்புச் சுண்டெலியும்கூட 'சுத்த ரத்தம்' கிடையாது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் அபி லாத்ரோப் என்ற பெண் அழகுக்காக வளர்த்து விற்ற எலிகளின் வாரிசுகள் அவற்றில் ஏராளம். பெரும்பகுதி டொமஸ்டிகஸ், கொஞ்சம் ஜப்பானியக் கலப்பு. ஆக, உங்கள் மாத்திரைகளில் பலவற்றை முதலில் சோதித்துப் பார்த்தது ஒரு சின்னக் கூட்டத்தின் வழிவந்த எலிகளில்தான். மனிதர்களுக்குள் இருக்கும் வித்தியாசங்களை இவை எப்படிக் காட்டும்?

இந்தக் குறையைச் சரிசெய்ய, 8 ரகங்களைக் கலந்து 'கொலாபரேட்டிவ் கிராஸ்' என்ற புது எலிக் கூட்டத்தை உருவாக்கியிருக்கிறார்கள். அந்த எட்டில் மூன்று, வெளியில் பிடித்த எலிகளின் வழிவந்தவை. மூன்றில் ஒன்று தாய்லாந்து கேஸ்டேனியஸ், உங்கள் அடுப்புக்குப் பின்னால் ஓடியதன் பங்காளி.