திரும்பி வரும் தூரமும் கணக்கில் சேரும்!
மல்லேஸ்வரத்திலிருந்து மூன்று சைக்கிள் பாதைகள்

வாரத்தில் ஆறு நாள் சைக்கிள் வேலைக்குப் போகிறது. ஏழாம் நாள் சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஸ்ரீராமபுரத்திலும் ஓக்களிபுரத்திலும் மல்லேஸ்வரத்துக் குறுக்குத் தெருக்களிலும் குடியிருக்கும் தமிழர்களில், பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்து இருபது ஆண்டு ஆகியும் யஷ்வந்தபுரத்துக்கு அப்பால் எதையும் பார்க்காதவர்கள் உண்டு. வண்டி கையில் இருக்கிறது. ஞாயிறு விடியற்காலையில் சாலையில் நெரிசலும் குறைவு. எவ்வளவு தூரம் போகலாம் என்ற கணக்குதான் தெரிய வேண்டும்.

கணக்கு தவறினால் என்ன ஆகும்? ஐம்பதை நெருங்கும் குமாஸ்தா ஒருவர். சர்க்கரை வியாதி எட்டிப் பார்க்கிறது. டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு வாலிபர்கள் நந்தி மலைக்குக் கிளம்புவதைப் பார்த்து, பழக்கம் இல்லாமலேயே அவரும் உடன் கிளம்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது குளிர்ந்த காற்று, பேச்சுத் துணை, உற்சாகம். மலையடிவாரத்தை எட்டும்போதே தொடை பிடித்துக்கொள்ளும். வீடு அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். தலைக்கு மேல் வெயில், பக்கத்தில் லாரிகள். எப்படியோ வீடு வந்து சேர்ந்தாலும், அதன் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைத் தொடவே மாட்டார். டாக்டர் சொன்ன உடற்பயிற்சியும் அத்தோடு போயிற்று.

ஆகவே அவரவர் உடம்புக்கு ஏற்ற பாதையை, திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்துப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். மல்லேஸ்வரத்திலிருந்து அத்தகைய பாதைகள் மூன்று உண்டு.

முதல் பாதை: ஏரியைச் சுற்றி

புதிதாகத் தொடங்குபவர்களுக்கும், வண்டியை விட்டுப் பல ஆண்டு ஆனவர்களுக்கும், வயதானவர்களுக்கும் உரியது இது. காடு மல்லேஸ்வரர் கோயிலருகே புறப்பட்டு, 18வது கிராஸ், சாங்கி ஏரி, சதாசிவநகர் வழியாக சி.வி.ராமன் சாலையைப் பிடித்து, டாட்டா இன்ஸ்டிடியூட்டைக் கடந்து யஷ்வந்தபுரம் வந்து, மார்கோசா ரோடு வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பலாம். மொத்தம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர்.

1898-ல் பிளேக் நோய் பரவிய பின், நகரத்து நெரிசலைக் குறைக்க உருவான பேட்டை மல்லேஸ்வரம். அதனால்தான் அதன் தெருக்கள் நேராகவும் அகலமாகவும் இருக்கின்றன. கோயிலோ அதற்கும் மிக முந்தியது. சிவாஜியின் தம்பியும், பிற்பாடு தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியை நிறுவியவருமான ஏகோஜியின் 1669-ம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே உள்ளது. சாங்கி ஏரி 1882-ல் வெட்டப்பட்டது.

இந்தப் பாதையில் மணிக்கு 10 அல்லது 12 கிலோமீட்டர் வேகம் போதும். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் வேகம் சரியாக இருக்கிறது. பேச்சு திணறினால் குறைத்துக்கொள்ள வேண்டும். நான்கு ஞாயிறு இதே பாதையில் போய்வந்த பிறகு, சோர்வு இல்லையென்றால் இரண்டு சுற்று வரலாம். ஒரே மூச்சில் 20 கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓட்டுபவர் அடுத்த பாதைக்குத் தயார்.

இரண்டாம் பாதை: தண்ணீர் வந்த வழி

ஹெசரகட்டா போக வர சுமார் 45 கிலோமீட்டர். தும்கூர் ரோடு வழியாகவும் போகலாம். ஆனால் லாரிகள் அதிகம். ஜாலஹள்ளி வழியாகப் போய், சிக்கபாணாவரத்தில் ஹெசரகட்டா ரோட்டைப் பிடிப்பது நல்லது. எச்.எம்.டி., பி.இ.எல். தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஜாலஹள்ளி வழி சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அர்க்காவதி ஆற்றின் குறுக்கே ஹெசரகட்டா ஏரி 1894-ல் அமைக்கப்பட்டது. அப்போது மைசூர் திவானாக இருந்தவர் சர் கே. சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். மல்லேஸ்வரத்தை ஒட்டியுள்ள சேஷாத்ரிபுரம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1896-ல் பெங்களூருக்குக் குழாய்த் தண்ணீர் இந்த ஏரியிலிருந்து வந்தது.

அந்தத் தண்ணீர் வந்த விதத்தில் சைக்கிள்காரருக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஹெசரகட்டாவிலிருந்து சோலதேவனஹள்ளி வரை செங்கல் கால்வாயில் தண்ணீர் தானாகவே ஓடி வந்தது. அங்கிருந்து நகரம் மேட்டில் இருப்பதால், நீராவி எந்திரம் வைத்து மேலே தள்ள வேண்டியிருந்தது. அதாவது, போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். தண்ணீருக்கே எந்திரம் தேவைப்பட்ட ஏற்றம் காலுக்கு மட்டும் லேசாக இருக்குமா? போகும் வழியில் வண்டி தானாக ஓடுகிறதே என்று பலத்தையெல்லாம் செலவழித்துவிடக் கூடாது. ஹெசரகட்டா சேரும்போது பாதிக்கு மேல் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

காலை 6 மணிக்குக் கிளம்பினால், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில், ஓய்வு நேரம் உட்பட 10 மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரி வறண்டு கிடக்கும். அப்போதும் சுற்றிலுமுள்ள புல்வெளியில் பறவைகளுக்குப் பஞ்சமில்லை.

மூன்றாம் பாதை: நந்தி மலை

இது நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். ஹெசரகட்டாவுக்குப் பத்து முறையாவது போய்வந்தவர்கள் இதை நினைக்கலாம். எலகங்கா, தேவனஹள்ளி வழியாகப் போக வர ஏறத்தாழ 120 கிலோமீட்டர். 2008-ல் தேவனஹள்ளி அருகே விமான நிலையம் திறந்தது முதல் அந்தச் சாலையில் கார்கள் வேகமாகப் போகின்றன. அதில் போகிறவர்கள் பக்கத்துச் சர்வீஸ் ரோட்டை விட்டு விலகக் கூடாது. எலகங்காவிலிருந்து ராஜானுகுண்டே, தொட்டபள்ளாபுரம் வழியாகச் சுற்றிப் போவதும் உண்டு.

மலையுச்சி 1,478 மீட்டர் உயரம். பெங்களூர் சுமார் 920 மீட்டர். வித்தியாசத்தின் பெரும்பகுதி கடைசி ஏழெட்டு கிலோமீட்டரில் வந்துவிடுகிறது. கியர் இல்லாத சாதாரண வண்டியில் மிதித்து ஏறுவது கடினம். தள்ளிக்கொண்டு ஏறுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. ராடு பிரேக் வண்டியில் வளைவுகளில் இறங்குவது உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்டவர்கள் அடிவாரத்துப் போக நந்தீஸ்வரர் கோயிலைத் தரிசித்துவிட்டுத் திரும்புவதே புத்திசாலித்தனம். சோழர் உட்படப் பல அரச மரபினர் திருப்பணி செய்த பழங்கோயில் அது. மலைமேல் அனுமதிக்கும் நேரமும் கட்டுப்பாடும் அவ்வப்போது மாறுவதால், முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஹெசரகட்டாவில் பார்த்த அர்க்காவதி பிறப்பது இந்த மலையில்தான். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களின் பாலாறும், கிருஷ்ணகிரி, திருக்கோவிலூர்க்காரர்களின் தென்பெண்ணையும் இந்த மலைப் பகுதியிலிருந்தே புறப்படுகின்றன. சொந்த ஊர் ஆறு எங்கே தொடங்குகிறது என்று பார்த்துவிட்டு வரலாம்.

இதற்கும் மேலே போக விரும்புகிறவர்களுக்குப் ‘பிரெவே’ எனப்படும் நெடுந்தூரப் பயணங்கள் உண்டு. பிரான்சில் தோன்றிய இந்த முறையில் பெங்களூரிலும் பயணங்கள் நடக்கின்றன. 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம், 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம் எனக் கெடு உண்டு. முதலில் வந்தவருக்குத் தனிப் பரிசு கிடையாது. கெடுவுக்குள் வந்த எல்லோருக்கும் ஒரே மரியாதை.

கிளம்பும் முன்...

சீட்டின் உயரம் சரியாக இருக்க வேண்டும். குதிகாலை, கீழே இறங்கிய பெடல் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும். செயினுக்கு எண்ணெய், பிரேக் கட்டை, பின்பக்கச் சிவப்பு விளக்கு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பஞ்சர் ஒட்டும் சாமானும் கைப் பம்பும் பையில் இருக்கட்டும். தலைக்கவசம் அவசியம்.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே தண்ணீர் குடிக்க வேண்டும். வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்ட மோர் நல்லவை. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சட்டைப் பையில் கொஞ்சம் இனிப்பு வைத்திருக்க வேண்டும். மயக்கம், நெஞ்சில் இறுக்கம், கை நடுக்கம் எது தோன்றினாலும் அந்த இடத்திலேயே இறங்கிவிட வேண்டும். இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் முதல் பாதைக்குக்கூடக் கிளம்பக் கூடாது.

முன்னே சொன்ன குமாஸ்தா முதல் ஞாயிறு சாங்கி ஏரிவரை போய்த் திரும்பினாலே போதும். அடுத்த வாரமும் அவர் வண்டியை எடுப்பார். ஆறு மாதத்தில் ஹெசரகட்டாவும் போய்விடுவார். நந்தி மலை அங்கேயேதான் இருக்கும். வரும் சனிக்கிழமை இரவு, டயருக்கு மறக்காமல் காற்றடித்து வைக்க வேண்டும்; அவ்வளவுதான்.