மருந்துக்கு முன் படம்

கையும் காலும் திடீரெனச் செயலற்று, வாய் கோணி, பேச்சுக் குழறும் நோயைப் பக்கவாதம் என்கிறோம். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலும் இந்நிலை வரும். குழாய் வெடித்து இரத்தம் கசிந்தாலும் வரும். வெளிக்குறிகளைக் கொண்டு இன்னதென்று உறுதி கூற இயலாது. சிகிச்சையோ நேர் எதிரானது. அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கசிவுள்ளவருக்குச் செலுத்தினால் உயிருக்கே கேடு.

முற்காலத்தில் மூளையின் உள்நிலையை அறிய, முதுகுத்தண்டில் ஊசியிட்டுக் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பர். நோயாளி தலைவலியால் துடிப்பார். 1971 அக்டோபர் 1 அன்று இலண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் புதுவழி பிறந்தது. இசைத்தட்டுகளுக்குப் பெயர்போன இ.எம்.ஐ. கம்பெனியின் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட், தலையைச் சுற்றிலும் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, கிடைத்த அளவுகளைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்து, மூளையை அடுக்கடுக்காகப் படமாக்கிக் காட்டினார். அதுவே சி.டி. ஸ்கேன். அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர் என்பது நம்மைப் போன்ற மெட்ரிகுலேஷன்காரர்களுக்கு இனிப்பான செய்தியன்றோ! 1979-இல் ஆலன் கார்மக்குடன் நோபெல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். புதிதாகக் கசிந்த இரத்தம் அப்படத்தில் வெண்மையாகத் தெரியும். சில நிமிடங்களில் ஐயம் தீரும்.

மூளையின் மேற்பரப்பில் இரத்தம் கசிந்தால் இடி விழுந்தாற் போன்ற தலைவலி வரும். வலிக்கு மார்பின் வல்லமை மிக்கது. அபினியிலிருந்து கிடைப்பது, அபினித் தொழிற்சாலைகள் உள்ள காஜிப்பூரும் நீமச்சும் வடநாட்டில் வாழும் நாம் கேள்விப்பட்ட ஊர்களே. ஆனால் அம்மருந்து மூச்சைத் தளர்த்தக்கூடியது. மூச்சுத் தளர்ந்தால் இரத்தத்தில் கரியமில வாயு மிகும். மூளைக் குழாய்கள் விரிந்து மண்டைக்குள் அழுத்தம் ஏறும். கண்மணியையும் ஊசிமுனையளவாகச் சுருக்கிவிடும். மருத்துவர் நோயின் போக்கை அறிய டார்ச் அடித்துப் பார்ப்பது அக்கண்மணியைத்தான்! எனவே மருத்துவமனையில் அளவறிந்து, அருகிருந்து கவனித்தே கொடுப்பர். புற்றுநோயாளிக்கு அது பெரும் வரம். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடியால் அது கிட்டாமல் பலர் வாடியதும், 2014-இல் விதி தளர்ந்ததும் தனிக்கதை.

நம் வீட்டு டப்பாக்களிலோ, எப்போதோ முழங்கால் வலிக்கு வாங்கி மிஞ்சிய டிராமடால் கிடக்கும். அதுவும் அபினி வகை மருந்தே. ஆஸ்பிரினும் உடன் இருக்கும். படம் எடுக்குமுன் இரண்டையும் கொடுக்கலாகாது. ஊருக்குத் தொலைபேசியில் பேசி யோசனை கேட்டுக்கொண்டும் இருக்கலாகாது; அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரமே. சி.டி. இயந்திரம் உள்ள மருத்துவமனை எது என்பதை அன்பர்கள் இன்றே விசாரித்து வைக்கலாம். நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தையும், அவர் உண்டுவரும் மாத்திரைகளின் பெயர்களையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துச் சென்றால், அந்நிய மொழி பேசும் டாக்டரிடம் நாம் திணற வேண்டியிராது.