சிறிய பெட்டி, பெரிய வெப்பம்: கேமிங் கணினியைக் குளிர்விப்பது எப்படி?

பெங்களூரு: அல்சூர் ஏரியை அடுத்த மர்பி டவுனில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. தெருக்கள் குறுகியவை, வீடுகளும் பெரும்பாலும் சிறியவை. இத்தகைய வீடுகளுக்கு, மேசையின் மூலையிலேயே அடங்கிவிடும் கேமிங் கணினி பொருத்தமாகத் தோன்றுவது இயல்பே. முழுமையாகப் பொருத்தப்பட்ட நிலையிலேயே விற்கப்படுவதால், வீட்டிற்குக் கொண்டுவந்து மின் இணைப்பு கொடுத்தால் போதும். ஆனால் மாதத் தவணையில் வாங்கிய அந்தக் கணினி, விளையாட்டு தொடங்கிய இருபதாவது நிமிடத்தில் இரைச்சலிட்டு, திரையில் காட்சிகள் தடுமாறத் தொடங்கினால் என்ன செய்வது? எஸ்.பி. ரோடுக்குச் சென்று புதிய மின்விசிறி வாங்குவதற்கு முன் செய்யக்கூடியவை பல உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை.

கணினி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4060 கிராபிக்ஸ் கார்டு 115 வாட் வரையிலும், 4070 கார்டு 200 வாட் வரையிலும் பயன்படுத்தும். இன்டெல் கோர் ஐ7-14700 செயலியின் அடிப்படை அளவு 65 வாட் என்றாலும், உச்சத்தில் அது 219 வாட்டைத் தொடும். விளையாட்டின்போது மொத்தம் 300 வாட் எனக் கொள்வோம். அமைதியாக அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அதாவது, கதவு சாத்திய சிறு அறையில் கூடுதலாக மூன்று பேர் அமர்ந்திருப்பதற்கு இது சமம். கணினி வெளியேற்றும் வெப்பத்தால் அறை சூடாகிறது. சூடான அதே காற்றைக் கணினி மீண்டும் உள்ளிழுக்கிறது. சன்னலைத் திறந்து வைப்பதும் கணினியைக் குளிர்விக்கும் வேலைதான்.

'பெங்களூரு குளிர்ச்சியான ஊர்தானே' என்ற எண்ணம் இவ்விடத்தில் பாதி மட்டுமே உண்மை. 2016 ஏப்ரலில் இந்நகரின் வெப்பநிலை 39.2 டிகிரி செல்சியஸை எட்டியது. மேலும், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கு காற்றின் அடர்த்தி சென்னையை விடக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைவு. 300 வாட் வெப்பத்தை, காற்று 10 டிகிரி மட்டுமே சூடேறும் வகையில் வெளியேற்ற, அதே வெப்பநிலையில் சென்னையில் வினாடிக்குச் சுமார் 26 லிட்டர் காற்று போதும். பெங்களூருவில் 28 முதல் 29 லிட்டர் வரை தேவை. சாதாரண 120 மில்லிமீட்டர் மின்விசிறி திறந்த வெளியில் ஏறக்குறைய இந்த அளவைத் தள்ளிவிடும். ஆனால் தூசி வலை, துளைகள் குறைந்த முகப்பு, குறுக்கே தொங்கும் கம்பிகள் ஆகியவற்றைக் கடக்கும்போது அதன் திறன் பெருமளவு சரிந்துவிடும். சிறிய பெட்டிகளில் சிக்கல் தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான். மின்விசிறி இருக்கிறது, காற்றுக்குத்தான் வழி இல்லை.

பெரு நிறுவனங்களும் இதில் சறுக்கியதுண்டு. ஆப்பிள் 2013-இல் வெளியிட்ட உருளை வடிவ மேக் புரோ, ஒரே மின்விசிறியைக் கொண்டு செயலியையும் இரு கிராபிக்ஸ் கார்டுகளையும் குளிர்வித்தது. அதைவிடச் சூடான கிராபிக்ஸ் கார்டுகளை அந்த அமைப்பு தாங்கவில்லை. வெப்பம் சார்ந்த அந்த வடிவமைப்பே தங்களை மூலையில் தள்ளிவிட்டதாக நிறுவனத்தின் மூத்த அதிகாரி கிரெய்க் ஃபெடரிகி 2017 ஏப்ரலில் ஒப்புக்கொண்டார். 2019-இல் வந்த அடுத்த மாதிரி, முகப்பில் பெரிய மின்விசிறிகள் கொண்ட செவ்வகப் பெட்டியாக மாறியிருந்தது.

முதலில் அளவிடுங்கள்: எச்.டபிள்யூ.இன்ஃபோ போன்ற இலவசச் செயலியை நிறுவி, வழக்கமான விளையாட்டை அரை மணி நேரம் ஆடிய பின், செயலி மற்றும் கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலையையும் வேகத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அறையின் வெப்பநிலையையும் குறிப்பது அவசியம். இல்லையெனில் ஏப்ரலில் எடுத்த அளவை டிசம்பர் அளவோடு ஒப்பிட்டு ஏமாற நேரிடும். எண்ணைப் பார்த்ததும் அஞ்ச வேண்டியதில்லை. ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசைச் செயலிகளில் பல, கடும் வேலையின்போது 95 டிகிரி வரை செல்லும் வகையிலேயே வடிவமைக்கப்பட்டவை. வெப்பம் ஏறும்போது வேகம் அடிப்படை அளவுக்கும் கீழே விழுகிறதா என்பதே கவனிக்க வேண்டியது.

அடுத்து ஓர் எளிய சோதனை. கணினியை அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்துப் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றுங்கள். பின்னர் அதே விளையாட்டை அதே நேரம் ஆடிப் பாருங்கள். ஓடும்போது உள்ளே கை வைக்கக் கூடாது. வெப்பநிலை 10 டிகிரி அளவுக்குக் குறைந்தால், பெட்டிக்குள் காற்று போதவில்லை என்று பொருள். ஓரிரு டிகிரி மட்டுமே குறைந்தால், குறை செயலியின் மேலுள்ள குளிர்விப்பானிலோ, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டிலோ, அளவுமீறிய மின் அமைப்பிலோ இருக்கலாம்; அப்போது பெட்டிக்குப் புதிய மின்விசிறி வாங்குவது வீண். பலகையை அப்படியே திறந்து விட்டுவிடலாமே என்று தோன்றும். தூசி, பல்லி, கரப்பான், குழந்தைகளின் விரல் ஆகிய நான்கும் உள்ள வீட்டிற்கு அது ஆகாது.

காற்று போதவில்லை எனில்: கணினியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், மேசை அலமாரிக்குள் இருந்தால் வெளியே எடுங்கள். தூசி வலையைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். மின்விசிறியை ஊதும்போது இறக்கைகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்வது நல்லது. இதன் பிறகும் குறையாவிட்டால், முகப்பில் உள்ளிழுக்கும் விசிறி ஒன்றைச் சேர்க்கலாம். சில நிறுவனங்களின் பலகைகளில் இணைப்பு முனை தனித்துவமானது என்பதால் அதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கும் விசிறியையே வேகமாக ஓட்டுவது மோசமான வழி. வேகத்தை இருமடங்காக்கினால் காற்றும் இருமடங்காகும்; ஆனால் விசிறிக்குத் தேவையான மின்திறன் எட்டு மடங்காகும், இரைச்சலும் சுமார் 15 டெசிபல் கூடும்.

உண்மையில் மிகச் சிறந்த தீர்வு, வெப்பத்தை உருவாக்காமல் இருப்பதே. திரை வினாடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிக்கும் எனில், 140 ஃப்ரேம்களை உருவாக்குவதில் பயன் குறைவு. விளையாட்டின் அமைப்பிலேயே ஃப்ரேம் வரம்பை 60 ஆக்கினால் கிராபிக்ஸ் கார்டின் சுமை உடனே இறங்கும். பயாஸ் அனுமதித்தால் செயலியின் உச்ச மின் அளவையும் குறைக்கலாம். பெரும்பாலான விளையாட்டுகளில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. 13 மற்றும் 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் செயலி உள்ளவர்கள் பயாஸைப் புதுப்பிப்பது முக்கியம். அவற்றில் சில செயலிகள் மிகை மின்னழுத்தத்தால் நிலைகுலைந்ததை அடுத்து, 2024 ஆகஸ்டில் திருத்தம் வெளியிடப்பட்டது. உத்தரவாதமும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது.

தெர்மல் பேஸ்டை மாற்றுவது அடுத்த கட்டம். அதற்கு முன் உத்தரவாத அட்டையைப் படியுங்கள். பெட்டியைத் திறப்பது குறித்த விதி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கணினி உத்தரவாதக் காலத்தில் இருந்து, குறித்து வைத்த அளவுகளும் வேகச் சரிவைக் காட்டினால், பழுதுநீக்கும் பொறுப்பு விற்பனையாளருடையது. அவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம். எந்த நிலையிலும் பவர் சப்ளை பெட்டியை மட்டும் பிரிக்கக் கூடாது. மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.