டாக்டருக்கும் க்ளாஸ் உண்டு பாஸ்!

ஃபைனல் செமஸ்டர் கடைசி எக்ஸாம் முடிஞ்ச கையோட நாம செய்யப்போற முதல் வேலை என்ன? நாலு வருஷமா சேர்த்து வெச்ச ஜெராக்ஸ் நோட்ஸையெல்லாம் எடைக்குப் போட்டுட்டு, அந்தக் காசுல ஆளுக்கொரு டீ, ஒரு சமோசா! 'இனிமே க்ளாஸ் ரூம் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்டா சாமி'ன்னு சத்தியம் பண்ணப் போறவங்க எல்லாம் கையைத் தூக்குங்க. மெடிக்கல் காலேஜ் மக்கள் மட்டும் ப்ளீஸ், கையை இறக்கிடுங்க. உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை!

பட்டம் வாங்கி, போர்டு மாட்டி, இருபது வருஷம் பிராக்டீஸ் பண்ணினாலும் டாக்டர்களைப் படிப்பு விடாது. அதுக்குப் பேர் தொடர் மருத்துவக் கல்வி. அவங்க பாஷையில சுருக்கமா 'சி.எம்.இ.' நம்ம நாட்டுல டாக்டர்களுக்கான 2002-ம் வருஷத்து நடத்தை விதிகள், ஐந்து வருஷத்துக்குக் குறைஞ்சது 30 மணி நேரம் இந்த மாதிரி நிகழ்ச்சிகள்ல கலந்துக்கணும்னு சொல்லுது. காரணம் சிம்பிள். மருந்து மாறுது, டெஸ்ட் மாறுது, நோயைப் பத்தின புரிதலே மாறுது. என்னிக்கோ படிச்ச பாடத்தை மட்டும் வெச்சு இன்னிக்கு ஊசி போட்டா, அவஸ்தைப்படப்போறது நாமதானே!

சரி, அந்த 30 மணி நேரம் எப்படி இருக்கும்? ஏ.சி. ஹால், இருட்டு, ஸ்க்ரீன்ல ஸ்லைடு மேல ஸ்லைடு... மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நம்ம க்ளாஸ்ல நடக்கிறதுதான் அங்கேயும் நடக்கும். டேவிட் டேவிஸ் என்பவரின் குழு 14 ஆய்வுகளை அலசி, 1999-ல் ஒரு முடிவை வெளியிட்டது. சும்மா உட்கார்ந்து லெக்சர் கேட்பது மட்டும் டாக்டர்கள் வேலை பார்க்கும் விதத்தை மாத்தினதா தெரியலை. கேள்வி கேட்டு, பேசி, செஞ்சு பார்க்கிற வகுப்புகள்தான் மாத்தியிருக்கு!

ரூம் மேட் தந்த ஐடியா

அந்த 'பேசிப் படிக்கிற' வழிகள்ல ரொம்பப் பழையது, 'கேஸ்' வெச்சுப் படிக்கிறது. இதை மருத்துவப் படிப்புக்குள்ள கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தவர்கள்ல ஒருத்தர் யார் தெரியுமா? ஒரு ஸ்டூடண்ட்!

வால்டர் கேனன், அமெரிக்காவின் ஹார்வர்டில் மருத்துவம் படிச்சுக்கிட்டிருந்தார். அவரோட ரூம் மேட் லா ஸ்டூடண்ட். லா காலேஜ்ல நிஜ வழக்குகளை வெச்சுப் பாடம் நடத்துவாங்க. அந்த மனுஷன் ரூமுக்கு வந்தும் நண்பர்களோட அதே வழக்கைப் பத்தி விடாம விவாதம் பண்ணுவார். கேனனுக்குப் பொறி தட்டுச்சு. 'நாம மட்டும் ஏன் மணிக்கணக்கா லெக்சரைக் கேட்டுக் கொட்டாவி விடணும்? நிஜ நோயாளிகளின் ஆஸ்பத்திரி ரெகார்டை வெச்சு நாமும் வாதாடினா என்ன?' படிப்பை முடிக்கும் முன்னாடியே, 1900-ல் இதைக் கட்டுரையா எழுதி மருத்துவப் பத்திரிகையில போட்டார். பின்னாளில் உடலியல் துறையில பெரிய ஆளா வந்தவர் இவர்.

எட்டு மாசம் காத்திருக்கணும்

ஐடியா நல்லாத்தான் இருக்கு. ஆனா இதனால நோயாளிக்கு என்ன லாபம்? அதுக்கு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துக்குப் போகணும். பரப்பளவு நம்ம தமிழ்நாட்டை மாதிரி இரண்டு மடங்குக்கும் மேல. மக்களோ சுமார் 20 லட்சம் பேர்தான். எங்கே பார்த்தாலும் பாலைவனம், மலை, நடுநடுவே சின்னச் சின்ன ஊர்.

டாக்டர் சஞ்சீவ் அரோரா, இந்தியாவிலிருந்து போனவர், ஆல்புகெர்க்கி நகரத்துல நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் கல்லீரல் நிபுணர். ஹெபடைடிஸ்-சி நோயாளிகள் அவரைப் பார்க்கணும்னா எட்டு மாசம் காத்திருக்கணும். ஹெபடைடிஸ்-சி என்பது ரத்தம் மூலமாகப் பரவுற வைரஸ். பல வருஷம் சத்தமே இல்லாம உள்ளே இருந்து கல்லீரலைச் சுருக்கிடும், புற்றுநோய் வரைக்கும் கொண்டு விட்டுடும். எட்டு மாசம் கழிச்சு பல மணி நேரம் காரோட்டி வந்து சேரும்போது, சிலருக்குக் காலம் கடந்துபோயிருக்கும்.

உள்ளூர் டாக்டரே மருந்து கொடுத்தா என்னன்னு கேட்பீங்க. அப்போ இருந்த மருந்துகள் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும். மாசக்கணக்குல கொடுக்கணும். ரத்தசோகை வரும், வெள்ளை அணுக்கள் குறையும், மன அழுத்தம்கூட வரும். பழக்கமில்லாத டாக்டர் தொடவே பயப்படுவார்.

2003-ல் அரோரா ஒரு வழி பண்ணினார். நோயாளியைத் தன்கிட்டே வரவழைக்காம, தான் கத்ததை அந்த ஊர்களுக்கு அனுப்பலாமேன்னு முடிவெடுத்தார். அதுதான் 'ப்ராஜெக்ட் எக்கோ'. வாரா வாரம் கிராமப்புற டாக்டர்களும் நர்ஸ்களும் வீடியோவிலோ டெலிபோனிலோ ஒண்ணாச் சேருவாங்க. இந்தப் பக்கம் கல்லீரல் நிபுணர், மனநல டாக்டர், பார்மசிஸ்ட். முக்கியமான விஷயம், பாடம் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்காது. 'என் பேஷன்ட்கிட்ட இந்த இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறேன்'னு யாராவது ஒருத்தர் சொல்றதிலிருந்து ஆரம்பிக்கும்!

உதாரணத்துக்கு இப்படி ஒரு கேஸ் வரும்னு வெச்சுக்கோங்க. பேஷன்ட்டின் பேர், ஊர் எதுவும் கிடையாது. 'ஆண், 52 வயசு. மருந்து ஆரம்பிக்கும்போது ஹீமோகுளோபின் 14. இப்போ 9.5. நிறுத்திடலாமா?' உடனே கேள்விகள் பறக்கும். மூச்சு வாங்குதா? இதய நோய் உண்டா? எத்தனையாவது வாரம்? அப்புறம் காரணம் புரியும். ரிபாவிரின் சிவப்பணுக்களை உடைக்குது. இதய நோய் இல்லைன்னா, எடுத்த எடுப்புல நிறுத்த வேண்டாம். டோஸைக் குறைச்சு, ரத்தத்தை அடிக்கடி பார்க்கணும். கேட்டது ஒருத்தர். கத்துக்கிட்டது லைன்ல இருந்த அத்தனை பேரும்! நாளைக்கு இன்னொரு ஊர்ல இதே பிரச்னை வந்தா, அங்கே உள்ளவர் பதற மாட்டார். கலந்துக்கிட்ட நேரத்துக்கு சி.எம்.இ. மணிகளும் கணக்குல ஏறும்.

நம்ம இன்ஜினீயரிங் பாஷையில சொன்னா, புது டவர் எதுவும் கட்டலை. இருக்கிற டவர்களையே நெட்வொர்க்ல கோத்துட்டார்!

மார்க் ஷீட் என்ன சொல்லுது?

இதெல்லாம் கேட்க நல்லா இருக்கு, ரிசல்ட்? 2011-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. மொத்தம் 407 நோயாளிகள். பல்கலைக்கழக நிபுணர்களிடம் சிகிச்சை எடுத்தவர்களில் 57.5 சதவீதம் பேருக்கு வைரஸ் ஒழிஞ்சது. எக்கோவில் பயிற்சி பெற்ற 21 இடங்களில், அதில் ஐந்து சிறைச்சாலைகள், 58.2 சதவீதம். கிட்டத்தட்ட டை! குலுக்கல் முறையில இரண்டு குழுவாப் பிரிச்சு நடத்தின ஆய்வு இல்லை என்பதையும் சொல்லிடணும். ஆனாலும், தொடவே பயந்த ஊர் டாக்டர் நிபுணருக்குச் சமமா குணப்படுத்தினார் என்பது சின்ன விஷயமா?

இன்னொரு ட்விஸ்ட்டும் இருக்கு. 2013-க்கு அப்புறம் புது மாத்திரைகள் வந்து, பெரும்பாலானவர்களுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்துல நோய் குணமாகுது. கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்ட இன்டர்ஃபெரான் பாடம் அப்படியே எடைக்குப் போச்சு! புதுசைக் கத்துக்க மறுபடியும் க்ளாஸ். அதனாலதான் இந்தப் படிப்புக்கு முடிவே கிடையாது. எக்கோ முறை இன்னிக்குப் பல நாடுகளுக்குப் பரவிடுச்சு. நம்ம பெங்களூரு நிம்ஹான்ஸும் போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையை இதே வழியில தூரத்து ஊர் டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கு.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் கேமராவும் இல்லை, கனெக்ஷனும் இல்லை. ஊருக்கே 'டாக்டர் ஐயா'வா இருக்கிற ஒருத்தர், சக டாக்டர்கள் முன்னாடி 'எனக்கு இது தெரியலை, சொல்லிக்கொடுங்க'ன்னு கேட்கிறார் பாருங்க, அதுதான்! அவர் கௌரவம் பார்த்து வாயை மூடிக்கிட்டா, விலை கொடுக்கிறது ஒரு பேஷன்ட்.

நாம என்ன பண்றோம்? 'டவுட் இருக்கா?'ன்னு சார் கேட்டா, மொத்த க்ளாஸும் நோட்டுக்குள்ள தலையைப் புதைச்சுக்கும். மக்களே, அடுத்த தடவை அந்தக் கேள்வி வரும்போது கையைத் தூக்குங்க. உங்க டவுட், பக்கத்து பெஞ்ச்ல இருக்கிற பத்து பேரோட டவுட்டாவும் இருக்கலாம்!