நடுவரும் எல்லைக்கோடும்

கால்பந்தாட்டத்தில் ஆடுவோர் 22 பேர், காண்போர் பல்லாயிரவர். ஆயினும், ஆட்டம் நடக்கின்றதா, நின்றதா என்று உரைக்கும் உரிமை நடுவர் ஒருவருக்கே உண்டு. அதனை அவர் எவ்வாறு முடிவு செய்கிறார்?

விதி மிகச் சுருக்கமானது. பந்து முழுவதும் எல்லைக்கோடு முழுவதையும் கடந்துவிட்டால் ஆட்டம் நின்றது. உருண்டு கடந்தாலும் பறந்து கடந்தாலும் ஒன்றே. நடுவர் ஊதல் ஊதி நிறுத்தினாலும் நின்றது. கோடும் களத்தின் பகுதியே ஆதலால், கோட்டின்மேல் உள்ள பந்து வெளியேறியதன்று. ஆடுவோர் கால் கோட்டுக்கு வெளியே இருப்பினும் குற்றமில்லை. பந்தின் நிலையே கணக்கிடப்படும்.

விதி எளிது, காண்பதே அரிது. கோட்டின் அகலம் 12 சென்டிமீட்டருக்கு மிகாது. பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 22 சென்டிமீட்டர். சாய்வாக நோக்கின், உள்ளே இருப்பது வெளியே இருப்பதாகத் தோன்றும். கோட்டுக்கு நேராக நிற்பவர்க்கே உண்மை புலப்படும். பந்தின் விரைவுக்கோ மனிதர் கால்கள் எப்போதும் ஈடுகொடுப்பதில்லை.

1966ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் பொருதன. கூடுதல் நேரத்தில் ஹர்ஸ்ட் உதைத்த பந்து மேற்கம்பத்தின் அடிப்புறத்தில் பட்டுக் கீழே விழுந்து மீண்டது. நடுவர் டீன்ஸ்ட் தாமே துணியாது, கோட்டு நடுவர் பக்ரமோவை வினவி, 'கோல்' எனத் தீர்ப்பளித்தார். அதனைப் பற்றிய வழக்கு இன்றும் ஓயவில்லை. 2010ஆம் ஆண்டு உலகக் கோப்பையிலோ, ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்டு உதைத்த பந்து கோட்டுக்கு நன்கு அப்பால் விழுந்தும் கோலாகக் கொள்ளப்படவில்லை. இத்தகைய பிழைகளைத் தவிர்க்கவே, கோல்கோட்டைக் கண்காணிக்கும் கருவிக்கு 2012இல் இசைவு அளிக்கப்பட்டது. பந்து கோட்டைக் கடந்த ஒரு நொடிக்குள் நடுவரின் கைக்கடிகாரத்தில் அது குறி காட்டும்.

2022ஆம் ஆண்டு ஜப்பானும் ஸ்பெயினும் ஆடின. கோட்டைக் கடந்தது போல் தோன்றிய பந்தை, ஜப்பானின் மித்தோமா விடாது ஓடி உள்ளே திருப்பினார். தனாக்கா அதனைக் கோலாக்கினார். பந்து வெளியேறியதெனப் பலரும் எண்ணினர். நிழற்படக் கருவிகளின் துணைகொண்டு ஆராய்ந்த நடுவர்கள், பந்து முற்றும் கடக்கவில்லை எனக் கண்டனர். மேலிருந்து எடுத்த படத்தில், பந்தின் விளிம்பு கோட்டின்மேல் சிறிதளவு இருந்தது. கோல் நிலைத்தது, ஜப்பான் 2–1 என்னும் கணக்கில் வென்றது.

தோற்றத்தை நம்பித் தீர்ப்புரையாமை நடுவர்க்கு அழகு. ஊதல் ஒலிக்கும்வரை முயற்சியைக் கைவிடாமை ஆடுவோர்க்கு அழகு.